எரியாத திரி

பங்காரம்மாவின் வீட்டுச் சாமி விளக்கில் இருந்த திரி எரிந்து தீர்ந்ததே இல்லை. எண்ணெய் வற்றும், சுடர் அணையும், திரி மட்டும் அப்படியே கிடக்கும். கரியைத் துடைத்துவிட்டால் மறுபடியும் வெள்ளை வெளேரென்று இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அதைப் பார்ப்பதற்காகவே அக்கம்பக்கத்துப் பெண்கள் வருவார்கள்.

"பங்காரக்கா ஊட்டுல மாரியாத்தாளே குடியிருக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

பங்காரம்மா சிரிப்பாள். "மாரியாத்தா இல்லீங்க, மொதலாளி மில்லுக் கல்லு" என்பாள். யாரும் நம்பமாட்டார்கள். கல்லில் போய் யாராவது திரி திரிப்பார்களா?

அவள் திரித்தாள். அவிநாசியிலிருந்து உள்ளே பிரிந்து போகும் ஒரு சாலையில் இருந்தது தம்பிதுரையின் கோலமாவு மில். சுண்ணாம்புக் கற்கள் லாரியில் வந்து குவியும். அந்தக் குவியலுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக வேறு ஒரு கல் ஒளிந்திருக்கும். வெள்ளைதான், ஆனால் லேசான பச்சை ஓடும். வெயிலில் திருப்பினால் பட்டுச் சேலையின் மடிப்பைப் போல மின்னும். நகத்தால் நெருடினால் நார் நாராகப் பிரியும். மில்லில் அதற்குப் பட்டுக்கல் என்று பெயர். சுண்ணாம்புக்கல்லோடு பட்டுக்கல்லையும் கொஞ்சம் சேர்த்து அரைத்தால் மாவு ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும், கோலத்தின் இழை சிதறாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று ஆளையே தள்ளிக்கொண்டு வரும் ஊரில், காற்றுக்குக் கலையாத கோலமாவு என்றால் சும்மாவா? ஈரோடு வரை கடைக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள்.

குவியலிலிருந்து பட்டுக்கல்லைப் பொறுக்கி எடுக்கும் வேலை பங்காரம்மாவுடையது. கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். வழவழவென்று ஓடினால் தனிக் கூடைக்குப் போகும்.

அந்த வேலைக்கு அவள் வந்த கதையைச் சொன்னால் கல்லும் கரையும். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்த சீனிவாசலுவுக்கு வாழ்க்கைப்பட்டாள். மகள் பூஜிதா குப்புற விழக்கூடப் பழகாத வயதில், பட்டறையிலிருந்து திரும்பியவனை மொபெட்டோடு ஒரு லாரி அடித்துக் கொன்றுபோட்டது. பிறந்த ஊரான அவிநாசிக்குக் கைக்குழந்தையோடு திரும்பி வந்தவளுக்கு நிற்க நிழல் தந்தவர் தம்பிதுரைதான்.

"புள்ளையை எங்க உடறதுன்னு ரோசன பண்ணாத அம்மணி. இங்கயே தூக்கீட்டு வா. கொட்டாயில தொட்டில் கட்டிக்க" என்றார்.

கல் பொறுக்கும் கொட்டகையின் விட்டத்தில் பழைய சேலைத் தொட்டில் தொங்கியது. ஒரு கையால் கல்லைப் பொறுக்கி, ஒரு காலால் தொட்டில் கயிற்றை ஆட்டினாள் அந்தத் தாய். பக்கத்தில் அரவை மெஷின் ஓடும். சாயங்காலம் குழந்தையைத் தூக்கும்போது அதன் இமை முடியில்கூட வெள்ளை படிந்திருக்கும். மில் பெண்கள் அவளை "வெள்ளக்காரத் தொரசாணி" என்று கொஞ்சுவார்கள்.

அந்தத் துரைசாணி வளர்ந்து, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் நிலவியல் முதுகலையில் சேர்ந்தபோது பங்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"கல்லைப் பத்திப் படிக்கறதுக்கு ஒரு காலேசா? என்னைக் கேட்டா நானே சொல்லித் தர மாட்டனா?"

"நீ சொல்லித் தந்தா யாரும்மா எனக்கு டிகிரி குடுப்பா?"

"கொட்டாயில கெடந்த புள்ளைக்குக் கல்லு படிப்புதான் வரும்னு எனக்கு அப்பவே தெரியும் கண்ணு."

அந்தச் சிரிப்பின் முடிவில்தான் பூஜிதா முதன்முதலாக அம்மாவின் இருமலைக் கவனித்தாள்.

ஆரம்பத்தில் வறட்டு இருமல். பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு விலாவின் வலது பக்கத்தில் கத்தியைச் செருகியதைப் போல ஒரு வலி. எக்ஸ்ரேயில் நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. சளியில் ஒன்றும் இல்லை, ஆனாலும் காசநோயாகத்தான் இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையை விழுங்க விழுங்கப் பங்காரம்மா இளைத்தாள். கழுத்து எலும்பு துருத்தியது, கையிலிருந்த கண்ணாடி வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது.

மாத்திரை கொடுத்தவர் போகிறபோக்கில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "என்ன வேலைம்மா?"

"கோலமாவு மில்லுங்க."

"தூசி ஆகாது. துணி கட்டிக்கங்க."

அந்த வார்த்தை பூஜிதாவின் மனதில் முள்ளாகத் தைத்தது. என்ன தூசி? எந்தக் கல்லின் தூசி? அந்தக் கல் தீங்கு செய்யுமா, செய்யாதா? அது தெரிந்தால் அம்மாவை மில்லுக்கு விடலாமா, கூடாதா என்பது தெரிந்துவிடும். கல்லின் பெயரைக் கண்டுபிடிக்கத்தானே அவள் படிக்கிறாள்?

அம்மாவின் கூடையிலிருந்து ஒரு பட்டுக்கல்லை எடுத்துக்கொண்டு கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். நகத்தால் கீறினாள், கீறல் விழவில்லை. மாக்கல் வகை என்றால் நகத்துக்கே கீறல் விழும். அமிலம் ஒரு சொட்டு விட்டாள். ஒட்டியிருந்த சுண்ணாம்புக்கல் பொங்கியது, பட்டுக்கல் பொங்கவில்லை. பூமிக்கு அடியில் சுண்ணாம்புக்கல் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறும்போது உண்டாகும் கனிமங்களில் வெள்ளையாக, இழை இழையாக இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று வோலாஸ்டனைட். அதனால் பெரிய ஆபத்து இல்லை என்று அவள் படித்திருந்தாள். மற்றொன்று ட்ரெமோலைட். அது நாராக இருந்தால் பொல்லாதது.

இரண்டில் எது?

நாரை எண்ணெய்த் துளியில் வைத்து நுண்நோக்கியில் பார்த்தாள். அந்த நுண்நோக்கியில் ஒளியை இரண்டு முறை வடிகட்டி அனுப்புவார்கள். கல் வைத்திருக்கும் தட்டைச் சுற்றினால் கனிமம் ஒளிரும், குறிப்பிட்ட ஒரு கோணம் வந்ததும் இருண்டுவிடும். ட்ரெமோலைட் என்றால் சற்றுச் சாய்ந்த கோணத்தில் இருள வேண்டும் என்று புத்தகம் சொன்னது. இந்த நார்களோ கண்ணில் தெரியும் குறுக்குக் கம்பிக்கு நேராக வந்ததுமே இருண்டன. தட்டை மறுபடியும் சுற்றினாள். மறுபடியும் நேராகவே இருண்டன.

பூஜிதாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷக் கண்ணீர். பயிற்சி ஏட்டில் வோலாஸ்டனைட் என்று எழுதிவிட்டு அவிநாசி பஸ்ஸைப் பிடித்தாள்.

"அம்மா, அது நல்ல கல்லும்மா. பயப்படாத."

மகள் சொன்னதைப் பங்காரம்மா அப்படியே கொண்டுபோய் முதலாளியிடம் சொன்னாள். "என்ற புள்ள மெசின்ல வெச்சே பாத்துப்போட்டாளுங்க. நம்ம பட்டுக்கல்லு நல்ல கல்லாமுங்க."

"அப்படியா! நாந்தான் பயந்து பயந்து கொஞ்சமா சேத்தீட்டிருந்தேன். மார்கழிக்கு இன்னும் ரெண்டு பங்கு சேத்து உட்டரலாம்" என்றார் தம்பிதுரை.

ஐயோ, அந்த மார்கழி! எத்தனை வாசல்களில் அந்த மாவு விழுந்ததோ! மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே கூடை கூடையாகப் பட்டுக்கல்லைப் பொறுக்கினாள் பங்காரம்மா. கொட்டகைக்குள் வெள்ளைப் புகை மூட்டம்போல எழுந்தது. மகளின் வார்த்தையல்லவா அவளை அங்கே உட்கார வைத்தது?

பொங்கல் முடிந்து கல்லூரி திறந்த பிறகு, பயிற்சி ஏடுகளைத் திருத்திய பேராசிரியர் கிருபாசங்கர் அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதை எப்படி வோலாஸ்டனைட்னு முடிவு பண்ணினே?"

"நேரா இருக்கறப்பவே இருட்டாகுது சார். ட்ரெமோலைட்டா இருந்தா சாய்ஞ்சுதானே இருட்டாகணும்?"

"அது ஒத்தைப் படிகத்துக்கு எழுதினதும்மா. இது முடியைவிட மெல்லிசான நாருங்க கட்டுக்கட்டாச் சேந்து கெடக்குது. ஒண்ணு இந்தப் பக்கம் சாயும், ஒண்ணு அந்தப் பக்கம் சாயும். மொத்தமாப் பாத்தா நேரா இருட்டாகற மாதிரிதான் தெரியும். பெரிய ஆளுங்களே இதுல ஏமாந்திருக்காங்க. சரி, வா."

நுண்நோக்கியில் அவர் ஒரு சிறிய தகட்டைச் செருகினார். பார்வைப்புலம் முழுக்கக் குங்குமமும் நீலமும் கலந்ததைப் போன்ற நிறமானது. நார்களை ஒரே திசையில் திருப்பி வைத்தார். எல்லாம் நீலமாகின.

"வோலாஸ்டனைட்டா இருந்தா சில இழை நீலமாகும், சில இழை மஞ்சளாகும். ஒரே ஒரு மஞ்சள் இழை காட்டு, மார்க் போட்டுடறேன்."

பூஜிதா கண்ணைப் பதித்துத் தேடினாள். தட்டை நகர்த்தி நகர்த்தித் தேடினாள். நீலம். அங்கேயும் நீலம். ஒரே ஒரு மஞ்சள் கிடைக்காதா, கடவுளே! எங்கே பார்த்தாலும் நீலம்.

"இன்னும் சந்தேகமா இருந்தா சூடான அமிலத்துல போட்டு வெப்போம். வோலாஸ்டனைட்டுன்னா கூழாப் போயிரும்."

மறுநாள் பார்த்தபோது நார் நாராகவே இருந்தது.

"அட, இதெல்லாம்கூட வேண்டாம்மா. கையில வெச்சே சொல்லியிருக்கலாம்." ஈரத்துணியில் பொதிந்து வைத்திருந்த கல்லிலிருந்து ஓர் இழையை இடுக்கியால் பிடித்து வளைத்தார். அது நூலைப் போல வளைந்தது. "வோலாஸ்டனைட் ஊசி மாதிரி. வளைச்சா பொட்டுனு ஒடியும். இது ஒடியுதா பாரு. திரிச்சா திரியே திரிக்கலாம்."

பூஜிதா இடுக்கியை வாங்கி, தானும் அந்த இழையை வளைத்துப் பார்த்தாள்.

"சார்... எங்க வீட்டு விளக்குல திரியே இதுதான் சார்."

"எரியுதா?"

"எரியாது சார். எனக்கு நெனவு தெரிஞ்சதுல இருந்து அதே திரிதான்."

பேராசிரியர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "இது ட்ரெமோலைட்தான், கல்நார்ம்மா. ஆஸ்பெஸ்டாஸ். இந்தக் கல்லை எங்கேருந்து எடுத்தே?"

நெருப்பில் எரியாத ஒரு கல் தன் வீட்டிலேயே தினமும் நெருப்பில் நின்று சாட்சி சொல்லியிருக்கிறது. அதைப் பார்த்தே வளர்ந்தவள், எங்கோ எழுதியிருந்த ஒரு கோணத்தை நம்பி அம்மாவை மறுபடியும் அந்தத் தூசிக்குள் அனுப்பியிருக்கிறாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவள் விம்மிய விம்மலில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கல்லின் சரியான பெயரை எழுதி வாங்கிக்கொண்டு, கோயம்புத்தூரில் நெஞ்சுநோய் மருத்துவர் ரிஃபத்திடம் அம்மாவை அழைத்துப் போனாள். டாக்டர் அதைப் படித்ததும் காசநோய் மாத்திரை அட்டையை ஓரமாக நகர்த்தி வைத்தார். விலா எலும்புக்கு இடையே ஊசி விட்டு நீரை எடுத்தார்கள். சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று, என்னை வெளியே உட்கார வைக்காதீர்கள் என்று பங்காரம்மா பிடிவாதம் பிடித்தாள்.

"நுரையீரலைச் சுத்தி ஒரு உறை இருக்கும்மா. அதுல புற்றுநோய் வந்திருக்கு. அந்தக் கல் நாரு உள்ள போய்த் தைச்சதால வர்றது" என்றார் ரிஃபத். "வலியைக் கொறைக்க, மூச்சை லேசாக்க எங்களால ஆனதெல்லாம் செய்வோம். முழுசா குணமாக்குவேன்னு பொய் சொல்லமாட்டேன்."

பூஜிதா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "நான் முன்னாடியே சரியாப் பாத்திருந்தா எங்கம்மா பொழைச்சிருப்பாங்களா, டாக்டர்?"

"இல்லம்மா. தப்பான மாத்திரையையும் இந்த மார்கழித் தூசியையும் தவிர்த்திருக்கலாம். ஆனா நோயைக் கொண்டுவந்த நாரு இப்பப் போனதில்ல. இந்தக் கல்லு உள்ள போய் இருபது முப்பது வருஷம் சும்மா இருந்துட்டுத்தான் வேலையைக் காட்டும். நீங்க குழந்தையா இருக்கறப்பவே போயிருக்கும்."

அதைக் கேட்டதும் பங்காரம்மாவின் முகம் மாறியது. தனக்குப் புற்றுநோய் என்றபோதுகூட அசையாமல் இருந்தவள், நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழ முயன்றாள்.

"ஏனுங் டாக்டரம்மா... தொட்டில்ல கெடந்த புள்ளைக்கும் உள்ள போயிருக்குமுங்களா?"

ரிஃபத் பூஜிதாவைப் பார்த்தார்.

"இவங்களுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாம்மா" என்றார்.

அன்றுவரை தன் உயிருக்காக அழாத பங்காரம்மா அப்போதுதான் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "நான் என்ற கையாலயே தொட்டில் கட்டுனனே! இந்தக் காலாலயே ஆட்டுனனே!" மூச்சு இழுத்தது. அழக்கூட மூச்சு போதவில்லை அந்தத் தாய்க்கு.

மறுநாள் காலை பூஜிதா மில்லுக்குப் போனாள். அரவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் தம்பிதுரையின் முகம் சிவந்தது.

"ஏங்கண்ணு, அன்னிக்கு நல்ல கல்லுன்னு சொன்னவ நீ. இன்னிக்குக் கெட்ட கல்லுங்கற. நாளைக்கு என்ன சொல்லுவ? உன்ற படிப்பை நம்பி நான் மில்லை இழுத்து மூடோணுமா?"

அவர் சொன்னதில் எது பொய்?

அப்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பங்காரம்மா இறங்கவில்லை, இறங்கவும் தெம்பில்லை. சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளிருந்தே கூப்பிட்டாள்.

"மொதலாளி, இக்கட்டால, ஆட்டோகிட்ட, கொஞ்சம் வாங்க."

தம்பிதுரை போனார். எலும்பும் தோலுமாகச் சாய்ந்திருந்தவளைப் பார்த்ததும் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளையைக் கொட்டாயில தொட்டில் கட்டிப் போடுன்னு சொன்னீங்க. நல்ல மனசுலதான் சொன்னீங்க. நானும் நல்ல மனசுலதான் போட்டேன். நம்ம ரெண்டு பேரு மனசையும் இந்தக் கல்லு பாக்கலீங்க." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "முத்தாத்தாக்கா தெனமும் இந்த மாவுலதான வாசல்ல கோலம் போடறாங்க? உங்க பேரன் அதுமேலதானுங்க தவழறான்."

முத்தாத்தாள் தம்பிதுரையின் மனைவி. பேரன் அந்த வாரம்தான் தவழ ஆரம்பித்திருந்தான். அதற்கு மிட்டாய் வாங்கி மில் முழுக்கக் கொடுத்தவர் தம்பிதுரைதான்.

அவர் திரும்பி நடந்தார். அவரே போய் மெஷினை நிறுத்தினார். இத்தனை வருஷமாகக் காதில் இரைந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று அறுந்தது. வேலை செய்த பெண்கள் கூடையும் கையுமாக நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எது எந்தக் கல்லுன்னு எனக்குத் தெரியாதே அம்மணி" என்றார். "எல்லாம் வெள்ளையாத்தான தெரியுது."

"தண்ணியை உட்டு நனைச்சுப்போடுங்க. பொறுக்க வேண்டாம். எல்லாத்தையும் மூடிப்போடுங்க."

குவியலின்மேல் ஹோஸ் பைப்பால் தண்ணீர் பீய்ச்சினார்கள். நனைந்ததும் பட்டுக்கல் தனியாகப் பளபளத்தது. பங்காரம்மா ஆட்டோவிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அத்தனை வருஷம் கன்னத்தில் வைத்துப் பார்த்த கல் அல்லவா!

கடைகளில் இருந்த பாக்கெட்டுகளைத் தம்பிதுரை திரும்ப எடுத்துவந்தார். வாசல்களில் விழுந்துவிட்ட மாவை யாரால் எடுக்க முடியும்?

அந்த வருஷக் கோடை வெயில் ஏறும் முன்பே பங்காரம்மா இறந்துபோனாள். கடைசி நாட்களில் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தலையணைகளை அடுக்கி, மகளின் தோளில் முகத்தைச் சாய்த்துத்தான் தூங்குவாள். ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் ஒரே கேள்விதான். "எக்ஸ்ரே எடுத்துட்டியா கண்ணு?"

"எடுத்துட்டேன்மா. ஒண்ணும் இல்லை."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்மா."

மகள் தன்னைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்கிறாளோ என்று அந்தக் கண்கள் அவள் முகத்தில் தேடும். தேடிக்கொண்டே மூடிக்கொள்ளும். ஒரு காலை நேரத்தில் மூடியவை திறக்கவே இல்லை.

தலைமாட்டில் விளக்கு வைக்க வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சாமி மாடத்தைத் துழாவினாள்.

"அந்த எரியாத திரி எங்க கண்ணு? அதை ஏத்து. உங்கம்மா திரிச்சது. அணையாம நிக்கும்."

அந்தத் திரியைப் பூஜிதா எப்போதோ நனைத்து, ஒரு பாட்டிலில் போட்டு இறுக மூடிக் கல்லூரியில் கொடுத்துவிட்டிருந்தாள்.

"வேண்டாங்க்கா" என்று பஞ்சை எடுத்தாள். அவள் திரி திரித்துப் பழகியதே இல்லை. அந்த வீட்டில் அதற்குத் தேவையே இருந்ததில்லை. கோணல்மாணலாகத் திரிந்த பஞ்சுத் திரி எண்ணெயை உறிஞ்சி, கருகி, பாதியிலேயே தீர்ந்தது. மறுபடி ஒன்று திரித்தாள். அதுவும் தீர்ந்தது. தூக்கும்வரை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து திரித்துக்கொண்டே இருந்தாள்.

துக்க வீட்டு வாசலில் கோலம் போடமாட்டார்கள். கருமாதி முடிந்த மறுநாள் ஒரு பெண் கோலமாவுப் பாக்கெட்டோடு வந்தாள். நல்ல எண்ணத்தில்தான் வந்தாள். பிரிக்காத அந்தப் பாக்கெட்டில் 'ஆடிக் காற்றிலும் கலையாது' என்று அச்சிட்டிருந்தது. எந்தக் கடையின் மூலையில் தங்கியிருந்ததோ. பூஜிதா அதைக் கையில் வாங்கி, அப்படியே தண்ணீர் வாளிக்குள் அமுக்கினாள். பிறகு பச்சரிசி மாவால் சின்னதாக ஒரு கோலம் போட்டாள். மத்தியானத்துக்குள் எறும்பும் காற்றும் அதைக் கொண்டுபோய்விட்டன.

அம்மாவிடம் அவள் சொன்னது பொய் இல்லை. படம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதோடு சேர்த்து டாக்டர் ரிஃபத் சொன்ன இன்னொன்றை மட்டும் அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா இது ரொம்பப் பொறுமையான கல்லு. வருஷா வருஷம் வந்து காட்டிட்டே இருக்கணும்."

இந்த வருஷமும் வந்திருக்கிறாள். குளிர்ந்த தகட்டில் மார்பை அழுத்தி, தோள்களை முன்னால் வளைத்து நிற்கிறாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து எக்ஸ்ரே எடுப்பவரின் குரல் கேட்கிறது.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க."

பூஜிதா இழுத்துப் பிடித்திருக்கிறாள்.